செத்தவர் பெயரை அடித்தது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'சமூக நீதியை அதிகம் முன்னெடுப்பது மக்கள் இயக்கமா, புதிய பொருளாதாரச் சிந்தனையா?' என்ற வழக்கில் நான் இயக்கத்தின் பக்கம்.

எதிரணித் தலைவர் வேலை உறுதித் திட்டத்தையும் குழுக்கடனையும் காட்டி, இரண்டுமே வல்லுநர்களின் மூளையில் உதித்தவை என்றார். சரி ஐயா, வேறு உதாரணம் தேடும் வேலையை எனக்கு வைக்கவில்லை. அந்த இரண்டையுமே எடுத்துக்கொள்கிறேன்.

ஊரகக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை, கேட்ட 15 நாளில் தராவிட்டால் வேலையில்லாப் படி என்றது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் கூலி யார் கைக்குப் போகிறது என்பது மஸ்டர் ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பட்டியலில் அல்லவா இருக்கிறது! அதில் பொய்ப்பெயர் ஏறினால் செத்தவர் மண் சுமப்பார். ஊரைவிட்டுப் போனவர் கைநாட்டு வைப்பார்.

இதைப் பிடிக்கும் வழியை அந்தச் சட்டத்துக்கு முன்பே, 1994-இல் ராஜஸ்தானில் நடத்திக் காட்டியது மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் இயக்கம். மஸ்டர் ரோல், பில், வவுச்சர் விவரங்களை வாங்கு. பட்டியலோடு வீடு வீடாகப் போய், "இந்தத் தேதியில் வேலைக்குப் போனீர்களா? கையில் எவ்வளவு வந்தது?" என்று கேள். பிறகு ஊரைக் கூட்டி, ஒவ்வொரு பெயராக உரக்கப் படி. தணிக்கை அதிகாரி காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிடுவார். இங்கே காகிதத்தை ஆளோடு ஒப்பிட்டார்கள். சிமென்ட் எத்தனை மூட்டை இறங்கியது என்று கொத்தனாருக்குத் தெரியாதா? எழுதப் படிக்கத் தெரியாதவரும் அங்கே தணிக்கையாளர்தான்.

இதில் இடறும் இடம் அந்த மஸ்டர் ரோல், பில்களின் நகல். நகல் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தவர் எளிதில் கொடுப்பாரா? அதற்காகத்தான் 1996-இல் ராஜஸ்தானின் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. அந்தக் கோரிக்கை வளர்ந்துதான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமானது. அதே ஆண்டில் வந்த வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் கிராம சபையின் சமூகத் தணிக்கை, அதாவது ஊரே கணக்கைச் சரிபார்க்கும் அந்த முறை, இடம்பெற்றது. எதிரணித் தலைவர் மெச்சிய சட்டத்துக்குப் பல் முளைத்த இடம் அதுதான். தணிக்கைப் பிரிவுக்கான பணம், தணிக்கைக்கு உள்ளாகும் துறையின் கையில் சிக்கினால் அந்தப் பல்லும் ஆடிவிடும். அதை மறைக்க மாட்டேன்.

குழுக்கடனுக்கு வருவோம். அடமானத்துக்குப் பதில் ஒருவருக்கொருவர் ஜவாப்தாரி, நல்ல யோசனைதான். 2010-இல் ஆந்திரத்தில் என்ன ஆயிற்று? ஒரே வீட்டுக்குப் பல குறுங்கடன் நிறுவனங்கள் கடன் கொடுத்தன. ஒன்றை அடைக்க இன்னொன்று. ஒருத்தி வாரத் தவணை தவறினால் மற்றவர்கள் அவள் வாசலில். அந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. தவணைக்குப் பொறுப்பேற்ற அந்தக் குழுவுக்கு, வட்டியைக் கேள்வி கேட்கும் வேலையை யாரும் கொடுக்கவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவரே. அடுத்து வரும் எதிரணி நண்பர், நகல் தர மறுக்கும் அலுவலகத்தில் தன் பொருளாதாரச் சூத்திரம் என்ன செய்யும் என்பதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.