மாம்பழ வாசனையில் வரும் நிகோடின்

(மயிலாப்பூரில் குடியிருப்போர் சங்கக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். "வேப்தான் நம் ஊரில் தடை ஆயிற்றே, அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று வாசலில் ஒரு சார் கேட்டார். வேப் என்றால் நிகோடின் (புகையிலையில் இருக்கும் அடிமையாக்கும் பொருள்) கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்-சிகரெட். தடை உண்மைதான். 2018-லேயே தமிழ்நாடு அரசு தடை போட்டது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அந்த ஆண்டே அது முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் தடவை சிக்கினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஃபிளேவருக்கு, அதாவது அதில் சேர்க்கும் வாசனைக்கு மட்டும் தனித்தடை போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2020 தொடக்கத்தில், பழ வாசனையும் மிட்டாய் வாசனையும் உள்ள வேப்கள் மேல் அங்கே நடவடிக்கை அறிவித்தார்கள். ஆனால் அது கேட்ரிட்ஜ் (திரவம் அடைத்த குப்பி) மாற்றும் கருவிகளுக்கு மட்டும்தான். ஒரு முறை இழுத்துத் தீர்த்துத் தூக்கிப் போடும் டிஸ்போசபிளை விட்டுவிட்டார்கள். வியாபாரி சும்மா இருப்பாரா? அதே மாம்பழம், அதே தர்பூசணி டிஸ்போசபிளில் வந்து இறங்கியது. வேப் பிடிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் டிஸ்போசபிள் பயன்படுத்தியவர்கள் 2019-ல் 2.4 சதவீதம், அடுத்த ஆண்டே 26.5 சதவீதம். பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் டிஸ்போசபிளைத் தடை செய்தது, ஃபிளேவரைத் தொடவில்லை. உடனே அதே வடிவத்தில் சார்ஜ் போடும் துளையோடு புதுச் சரக்கு கடைக்கு வந்துவிட்டது.

இந்த வாசனை ஏன் அவ்வளவு முக்கியம்? பழைய வகை நிகோடினை இழுத்தால் தொண்டை எரியும். முதல் தடவை சிகரெட் பிடித்த பையன் இருமி இருமித் தூக்கிப் போடுவது அதனால்தான். இப்போது நிகோடினோடு அமிலம் சேர்த்து உப்பாக்கி விடுகிறார்கள், எரிச்சல் குறைகிறது. மேலே பழ வாசனை. வேண்டாம் என்று உடம்பு சொல்லும் அந்த முதல் இருமலே வராமல் போய்விடுகிறது. வீட்டில் அம்மா முகர்ந்து பார்த்தாலும் பபிள்கம் வாசனைதான் வரும். பார்க்க ஹைலைட்டர் பேனா மாதிரி, பென்சில் பாக்ஸில் கிடந்தாலும் தெரியாது. உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது. இது குப்பைத் தொட்டிக்குப் போனால் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் தீப்பிடிக்க இன்னொரு காரணம் கிடைக்கும். அது தனிக்கதை.

"சிகரெட்டை விற்க விட்டுவிட்டு இதை மட்டும் தடுப்பது என்ன நியாயம்?" என்பது அடுத்த கேள்வி. நியாயம் இல்லைதான். 2003 புகையிலைச் சட்டப்படி பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்றாலோ, 18 வயது ஆகாதவருக்கு விற்றாலோ அபராதம் 200 ரூபாய் வரைதான். பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் வாங்கும் பையனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதை இறுக்கச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் ஒரு கதவு திறந்து கிடக்கிறது என்பதற்காக இன்னொன்றையும் திறந்து வைக்கச் சொல்ல முடியாது.

நம் 2019 வேப் சட்டத்தின் கோபம் வியாபாரத்தின் மேல். பள்ளிகளோ மாட்டிய பையனை சஸ்பெண்ட் செய்வதோடு நிறுத்திவிடுகின்றன. வீட்டிலும் முதலில் விழுவது அடிதான். அடி விழுந்த பிறகு எங்கே வாங்கினான், யார் மூலம் வந்தது என்று அவன் வாய் திறப்பானா? திட்டுவதைத் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் கேளுங்கள். கிடைத்த தகவலோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். கமிஷனர் வரை போக வேண்டாம். கடையைச் சோதனையிட ஒரு சப்-இன்ஸ்பெக்டருக்கே இந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. பையன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, எந்தத் தெரு, எந்தக் கடை, எத்தனை மணிக்கு விற்கிறார்கள் என்று எழுதிக் கொடுங்கள்.