ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். போன வாரம் மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கல்லூரி மாணவி தோல் டாக்டரான என்னிடம் அம்மாவோடு வந்திருந்தார். மஞ்சப்பைக்குள் கைவிட்டு, அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிழிந்த முகக் களிம்பு ட்யூப் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "போட்டா நல்லாத்தான் இருக்கு மேடம். விட்டா ரெண்டே நாள்ல முகமெல்லாம் செவந்து எரியுது, பருவும் கூடிப்போகுது" என்றார். சுருட்டை விரித்துப் பின்பக்கத்தைப் படித்தேன். மொமெட்டாசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெடினோயின். சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி எட்டு மாதமாகத் தடவியிருக்கிறார்.

மங்கு என்கிற முகக் கருந்திட்டு மறைய, டாக்டரின் கண்காணிப்பில் சில வாரம் மட்டும் போட வேண்டிய கலவை அது. அதிலுள்ள மொமெட்டாசோன் ஒரு ஸ்டீராய்டு. சிவப்பை உடனே அமுக்கிவிடும், அதனால் முகம் தெளிந்ததுபோலத் தெரியும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், மெல்லிய ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும், முகத்தில் முடி வளரும், பருவும் அதுவாகவே கிளம்பும். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டோடுதான் விற்க வேண்டும் என்று 2018-லேயே மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. அப்படியிருந்தும் வாரந்தோறும் இப்படி ஒரு முகத்தையாவது பார்க்கிறேன். மனசு பொறுக்கவில்லை.

சரி, பருவுக்கென்றே உள்ள மருந்துகள் எவை? பரு வருவது இப்படி: தோல் துளை அடைத்துக்கொள்கிறது, உள்ளே எண்ணெய் தேங்குகிறது, கிருமி பெருகுகிறது, வீக்கம் வருகிறது. இதில் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்பதில்தான் ஒரு மருந்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்.

அடைப்பை எடுப்பவை அடாபலீனும் ட்ரெடினோயினும். இரண்டும் வைட்டமின் ஏ குடும்பம். ட்ரெடினோயின் மூத்தது, எரிச்சலும் உரிதலும் அதில் கூடுதல். வெளிச்சம் பட்டால் வீரியம் குறையும். 0.1 சதவீத அடாபலீன் ஜெல் அவ்வளவு எரிக்காது, வெளிச்சத்தையும் தாங்கும். நம் மதுரை வெயிலில் அலைகிற பிள்ளைகளுக்கு நான் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறேன். கர்ப்பிணிகளும் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் இந்தக் குடும்பத்தையே தொடக்கூடாது.

பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்லும். கிருமி இதற்குப் பழகிப்போகாது என்பது பெரிய நன்மை. 2.5 சதவீதமே பலருக்குப் போதும். 10 சதவீதம் வாங்கினால் எரிச்சல்தான் அதிகமாகும். துணியைச் சாயம் வெளுக்கவைக்கும் குணமும் உண்டு. செல்லூர்த் தம்பி ஒருவர், அரக்குத் தலையணை உறையில் கன்னம் பட்ட இடமெல்லாம் ஆரஞ்சுத் திட்டாகிவிட்டதென்று உறையையே கொண்டுவந்து காட்டினார். வெள்ளைத் துண்டு, வெள்ளை உறை வைத்துக்கொள்ளுங்கள். ட்ரெடினோயினோடு ஒரே வேளையில் இதைப் போடுவதைத் தவிருங்கள். அதன் வீரியத்தை இது கெடுத்துவிடக்கூடும். அடாபலீனுக்கு அந்தச் சிக்கல் இல்லை, இரண்டும் ஒரே ட்யூபிலேயே சேர்த்து வருகிறது.

கிளிண்டாமைசின் ஜெல் ஆன்டிபயாடிக். சிவந்த பருக்களைக் குறைக்கும். ஆனால் அதை மட்டும் மாதக்கணக்கில் போட்டால் கிருமி பழகிவிடும், பிறகு மருந்து கேட்காது. பென்சாயில் பெராக்சைடு துணையோடு, கொஞ்ச காலத்துக்குத்தான்.

அசெலாயிக் அமிலம் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனாலும் நம் மாநிறத் தோலில் பரு போனபின் மாதக்கணக்கில் நிற்கிற கருந்தழும்பையும் சேர்த்துக் குறைப்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம். முதலில் கொஞ்சம் அரிக்கும்.

எந்த மருந்தானாலும் பெரும்பாலானோர் தோற்பது மூன்றாவது வாரத்தில். தோல் உரியும், பருவும் சற்றுக் கூடினாற்போல் இருக்கும், "ஒத்துக்கல" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அடாபலீனை ஒரு பட்டாணி அளவு எடுத்து, ஈரம் காய்ந்த முகம் முழுக்க, இரவில் தடவுங்கள். பரு இருக்கிற இடத்தில் மட்டும் பொட்டு வைக்கிற பழக்கம் வேண்டாம். அடுத்த பரு எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. எரிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள், மேலே மாய்ஸ்சரைசர் தடவுங்கள். எலுமிச்சை தேய்ப்பதும் நகத்தால் கிள்ளுவதும் கூடவே கூடாது. தலைக்கு வைக்கிற எண்ணெய் நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலூர் மாணவிக்கு அந்த ட்யூபை ஒரேயடியாக விடாமல் படிப்படியாகக் குறைக்க அட்டவணை எழுதிக் கொடுத்தேன். எரிச்சல் அடங்கும்வரை மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும்தான், அடாபலீன் அதற்குப் பிறகு. "மஞ்சளாவது பூசலாமா மேடம்?" என்று அவர் அம்மா கேட்டார். எரிகிற தோலில் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வருவார்களாம். குடையோடு வரச் சொல்லியிருக்கிறேன். அப்படியே என்னிடமும் முகத்தைக் காட்டிவிட்டுப் போவார்கள்.