கெட்டும் பட்டணம் சேர்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அழைத்தவுடன் நேரம் ஒதுக்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாநகராட்சி அதிகாரிப் பெருமக்களே, வணிகர் சங்கப் பொறுப்பாளர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்ததோடு வந்தவர்களுக்கெல்லாம் சுக்குமல்லிக் காப்பியும் கொடுத்த பெரியவர் அவர்களே, தாய்மார்களே, மாசி வீதிக்காரர்களே, வணக்கம்.

மதுரைக்கு வெளியில் இருக்கும் பெயர், மாசி வீதிகளின் இன்றைய நிலை, மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துத் தையல்காரர்கள் என்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். வெளியூரில் மணமுடித்துப் போன என் மகளிடம், "உங்க ஊர்ல பொழுது சாஞ்சா வெளியே போகலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். திரைப்படத்து அரிவாளைப் பார்த்துக் கேட்கிறார்கள். நடுச்சாமத்தில் பூ மூட்டையோடு பெண்கள் தனியே வந்திறங்கும் ஊரைப் பற்றி இப்படிக் கேட்டால் நெஞ்சு வலிக்காதா? அகிம்சையைச் சொன்ன காந்தியடிகள் 1921இல் அரையாடைக்கு மாறியது நம் மேல மாசி வீதியில்தான்.

"கெட்டும் பட்டணம் சேர்" என்பார் என் தந்தை. தறி நின்றுபோய்க் குடும்பத்தோடு மதுரைக்கு வந்தவர் அவர். என் தம்பிக்கு அழகர் வேடமிடுவதாக நேர்ந்துகொண்டு, சித்திரைத் திருவிழாவுக்கு வரும் அழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு முதல் நாள் இரவு புதுமண்டபத்துக்குப் போனார். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்துத் தூண்களுக்கு இடையே அப்போது வரிசையாகத் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். பையனை அழைத்துப் போகவில்லை. "எவ்வளவு உசரம்?" என்று கேட்ட தையல்காரரிடம் தம் இடுப்பைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். அவர் எழுந்து வந்து, தந்தையின் காலிலிருந்து இடுப்புவரை நாடா பிடித்து, விடிவதற்குள் சல்லடமும் சட்டையும் தைத்துக் கொடுத்து, "பணத்தை அழகர் மலைக்குத் திரும்பின பிறகு கொடுங்கண்ணே" என்றாராம். தல்லாகுளத்தில் தம்பிக்கு அந்த உடை அளவெடுத்தாற்போல் பொருந்தியிருந்தது. கடனை அடைக்கப் போனவரை, "காஜா எடுக்கத் தெரியுமா?" என்று கேட்டு உட்காரவைத்தார் அந்த மனிதர். முப்பது ஆண்டுகள் எங்கள் வீட்டு அடுப்பு அந்த ஊசியால் எரிந்தது. கெட்டு வந்தவனைக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டதே இந்தப் பட்டணத்தின் உண்மையான பெயர்.

புதுமண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியதை நான் எதிர்க்கவில்லை. 2018இல் மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததைக் கண்ட எவரும், சிற்பங்களுக்கு நடுவே துணிக்குவியல் இருக்கட்டும் என்று சொல்ல மாட்டார்கள். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் சித்திரை வீதிகளில் கல் பாவியதையும் வரவேற்கிறேன். ஆனால் வேண்டுதலுக்கு உடை தைக்க ஊரிலிருந்து வரும் ஒரு தாய், பூட்டிய மண்டபத்தின் முன் பிள்ளையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டுத் திரும்பிப் போகக்கூடாது. கெட்டும் பட்டணம் சேர் என்று வந்தவர்களின் பிள்ளைகள்தாம் இன்றும் அந்த இயந்திரங்களை மிதிக்கிறார்கள்.

மாசி வீதிகளைப் பற்றி விரிவாகப் பேச இன்று நேரமில்லை. அதிகாரிகளிடம் நான் கேட்பது இரண்டு: தையற்கடைகள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் பலகை ஒன்று புதுமண்டபத்து வாசலில் வேண்டும், சித்திரை மாதம் மட்டும் தையல்காரர்கள் இயந்திரத்தோடு வீதியோரம் அமர அனுமதி வேண்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்திட்டுச் செல்லுங்கள். வணக்கம்.