பைரவி போனாலும் பாட்டு போகவில்லை

நடுவர் அவர்களுக்கும், இரு அணிப் பேச்சாளர்களுக்கும், சபையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

‘பாடலை ரசிப்பதில் விஞ்சி நிற்பது இசையா, வரிகளா?’ வரிகளே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மூன்று வாதங்களை வைத்துவிட்டுப் போனார். வரியே இல்லாத மல்லாரி நம்மை உருக்குகிறதே என்றார். மெட்டுதான் முதலில் பிறக்கிறது, வரி பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது என்றார். மொழி தெரியாத பாட்டையும் ரசிக்கிறோமே என்றார். மூன்றுக்கும் பதில் இருக்கிறது.

முதலில் மல்லாரி. சுவாமி புறப்பாட்டில் நாகசுரமும் தவிலும் சேர்ந்து கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி எடுத்தால் உடம்பு சிலிர்க்கும். அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் நடுவர் அவர்களே, மல்லாரியை ‘வாசித்தார்கள்’ என்றுதான் ஊர் சொல்லும். ‘பாடினார்கள்’ என்று யாரும் சொல்வதில்லை. அது வாத்திய இசை. இன்றைய தலைப்போ பாடலைப் பற்றியது. வரி இல்லாததைக் கொண்டுவந்து பாடலுக்குச் சாட்சி சொல்ல வைக்க முடியாது.

இரண்டாவது, மெட்டுக்குப் பாட்டு. இசையமைப்பாளர் ‘தனனான தானா’ என்று தத்தகாரத்தில் பாடிக் கொடுக்கிறார், கவிஞர் அதில் சொல்லை உட்கார வைக்கிறார். உண்மைதான். ஆனால் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால், யார் யாருக்கு அடங்கிப் போகிறார்கள் என்பது தெரியும்.

தமிழில் குறில் நெடிலானால் பொருளே மாறிவிடும். மெட்டில் ‘தானா’ என்று நீளும் இடத்தில் கவிஞர் ‘விடு’ என்று எழுதினால், பாடகர் பாடும்போது அது ‘வீடு’. ‘கொடு’ என்றால் ‘கோடு’. ‘பல்’ என்றால் ‘பால்’. இன்னொரு சிக்கலும் உண்டு. ‘பட்டு’ என்ற சொல்லில் ‘ட்’டைப் பிடித்து நீட்ட முடியாது, அங்கே மூச்சே அடைபட்டு நிற்கிறது. கார்வை, அதாவது ஓசையை நீட்டி நிறுத்துவது, கொடுக்க வேண்டுமென்றால் முன்னால் உள்ள ‘ப’வைத்தான் இழுக்க வேண்டும். இழுத்தால் பட்டு ‘பாட்டு’ ஆகிவிடும். அதனால் நீண்ட கார்வை விழும் இடம் பார்த்து ஆ, ஏ, ஓ வரும் சொல்லைத் தேடுவார்கள். மேல் ஸ்தாயியில் ஈ, ஊ வந்தால் வாய் குறுகித் தொண்டை இறுகும். பொருத்தமான சொல் அகப்படாவிட்டால் என்ன செய்கிறார்கள்? மெட்டில் ஓர் எழுத்தைக் கூட்டுகிறார்கள், ஒரு கார்வையைக் குறைக்கிறார்கள். மெட்டு வளைந்து கொடுக்கிறது. வளையாத இடத்தில் கேட்பவன் முகம் சுளிக்கிறான். சுருதி பிசகினால் காது பழகியவர்கள் கண்டுபிடிப்பார்கள். ‘விடு’ ‘வீடு’ ஆனால் பாட்டி முதல் பேத்தி வரை கண்டுபிடிப்பார்கள்.

சொல்லை எங்கே பிரிப்பது என்பதும் இப்படித்தான். தாளத்தின் அறுதி, அதாவது அதன் சுற்று முடியும் இடம், சொல்லின் நடுவில் விழுந்து, அங்கே பாடகர் மூச்சு வாங்கினால் ‘தாமரை’ என்பது ‘தா... மரை’ ஆகிறது. மரை என்றால் ஒரு வகை மான். பூவைப் பாட வந்தவர் மானைக் கேட்கிறார். ராகம் சுத்தம், தாளம் சுத்தம், ஆனாலும் பாட்டு அங்கே உடைந்துபோகிறது. இசைதான் பெரிது என்றால் ஏன் உடைய வேண்டும்?

ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் போகலாம். சொல்லைத் தெளிவாகக் காட்டுவதில் பெரும் பங்கு மெய்யெழுத்துகளுக்கு. அவற்றின் தெளிவு ஏறத்தாழ 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் அதிகம் தங்கியிருக்கிறது. அதே இடத்தில் கிடாரையும் சிந்தசைசரையும் தாள வாத்தியங்களையும் அடுக்கினால் குரலின் ஓசை கேட்கும், சொல் கேட்காது. மிக்ஸிங்கில் குரலை மட்டும் ஏற்றினால் போதாது, அந்தப் பகுதியில் வாத்தியங்களைக் கொஞ்சம் தணித்து இடம்விட வேண்டும். அப்படி விடாத பாட்டைக் கேட்டுவிட்டு மக்கள் முதலில் சொல்லும் குறை என்ன? ‘என்ன பாடுறாங்கன்னே புரியல.’ ‘என்ன ராகம்னே புரியல’ என்று எத்தனை பேர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்?

தாளம்தான் ஆட்டி வைக்கிறது என்று அடுத்து வருபவர் சொல்லக்கூடும். அருணகிரிநாதரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘முத்தைத்தரு பத்தித் திருநகை’ என்பதைப் பாட வேண்டாம், சும்மா வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முத், தைத், த, ரு. பத், தித், தி, ரு, ந, கை. ஒற்று சேர்ந்த அசைக்கு இரண்டு, சேராததற்கு ஒன்று என்று விரல்விட்டு எண்ணினால் ஆறும் எட்டும் பதினான்கு. அடுத்து ‘அத்திக்கிறை சத்திச் சரவண’, அதுவும் பதினான்கு. ‘முத்திக்கொரு வித்துக் குருபர’, அதுவும் பதினான்கு. பிறகு ‘எனவோதும்’ என்று வந்து இறங்குகிறது. இதில் மிருதங்கம் எங்கே இருக்கிறது? தவில் எங்கே இருக்கிறது? தாளத்தைச் சொல்லே சுமந்துகொண்டு வருகிறது. பின்னால் வந்த வித்வான்கள் அதற்குத் தங்கள் ராகத்தைப் போர்த்தினார்கள். எந்த ராகத்தைப் போர்த்தினாலும் அந்தத் துள்ளல் போகாது, ஏனென்றால் அது சொல்லுக்குள் இருக்கிறது.

மூன்றாவது, மொழி தெரியாத பாட்டு. ரசிக்கிறோம், சரி. அந்த ரசனை போதும் என்று தமிழர்கள் இருந்துவிட்டார்களா? கச்சேரி மேடையில் தெலுங்கும் வடமொழியும் நிறைந்திருந்த காலத்தில், ‘இசைக்கு மொழி ஏது’ என்ற இதே வாதத்தைத்தான் அன்றைக்கும் சொன்னார்கள். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார், கல்கி எழுதினார், 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. அவர்கள் புது ராகம் கேட்கவில்லை. அதே காம்போதியில், அதே தோடியில், எங்களுக்குப் புரியும் சொல்லைப் பாடுங்கள் என்று கேட்டார்கள். இசை மட்டும் போதுமென்றால் இப்படி ஓர் இயக்கமே பிறந்திருக்காது.

மொழிமாற்றப் படங்களின் பாட்டையும் கேட்டுப் பாருங்கள். மெட்டு அதே, வாத்தியம் அதே, சில சமயம் பாடகரும் அதே. நடிகரின் உதடு ஒட்டும் இடத்தில் ப, ம வர வேண்டுமே என்று எதையோ ஒரு சொல்லைத் திணித்திருப்பார்கள். இசையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பாட்டு நெஞ்சில் ஒட்டாது. அங்கே மாறியது வரி ஒன்றுதான்!

அந்தக் காலத்தில் சினிமாக் கொட்டகையில் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். கதைச் சுருக்கம் கொஞ்சம், மீதியெல்லாம் பாட்டு வரிகள். ஸ்வரக் குறிப்பு ஒரு வரி கிடையாது. காசு கொடுத்து வாங்கி, மடித்துப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தது எதை என்று எதிரணி யோசிக்கட்டும்.

இன்னும் பின்னால் போகிறேன். சங்க நூலான பரிபாடலின் எழுபது பாடல்களில் நமக்கு முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டு. பாட்டெழுதிய புலவர் பெயரும், அதற்கு இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கின்றன. இசை வகுத்தவர்களுக்கு நம் முன்னோர் கொடுத்த மரியாதை அது. எனக்கும் அந்த மரியாதை உண்டு. ஆனால் பாலையாழ் என்று பண்ணின் பெயர் இருக்கிறது, அன்று பாடிய மெட்டு இல்லை. வையை ஆற்றில் வெள்ளம் பெருகுவதை இன்றைக்கும் நமக்குக் காட்டுவது வரி.

அதெல்லாம் இலக்கியம் படிப்பது, பாட்டை ரசிப்பது ஆகாது என்பார்கள். மார்கழி விடியற்காலையில் பெருமாள் கோயில் கோஷ்டியில் போய் நில்லுங்கள். திருப்பாவையின் முப்பது பாசுரத்தையும் ராக ஆலாபனை இல்லாமல், ஒரே சீராகச் சேர்ந்து சேவிக்கிறார்கள். நாம் கச்சேரியில் கேட்கும் நாட்டை ராக ‘மார்கழித் திங்கள்’ அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 20ஆம் நூற்றாண்டில் அமைத்தது. அதற்கு முன்னால் எத்தனை தலைமுறை ஆண்டாளின் சொல்லிலேயே கரைந்து நின்றிருக்கிறது!

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். ஒன்றே ஒன்று. பாரதியார் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாட்டுக்கு ராகம் பைரவி, தாளம் ரூபகம் என்று குறித்து, ஸ்வரமும் எழுதி வைத்தார். 1951இல் ‘மணமகள்’ படத்துக்காக சி. ஆர். சுப்பராமன் அதை ராகமாலிகையாக்கினார். எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடினார்கள். காபி ராகத்தில் தொடங்குகிறது, போகப்போக ராகம் மாறுகிறது. ஏன் மாறுகிறது? கொஞ்சுகிற இடம் வேறு, ‘உன் கண்ணில் நீர் வழிந்தால் என் நெஞ்சில் உதிரம் கொட்டுதடி’ என்று பதறுகிற இடம் வேறு. சொல் போகிற வழியில் ராகம் போகிறது. இன்று சபைக்குச் சபை பாடுவது இந்த ராகமாலிகையைத்தான். பாரதி போட்ட பைரவி எங்கேயோ போய்விட்டது. ஆனால் கேட்கிற ஒவ்வொருவரும் ‘இது பாரதி பாட்டு’ என்றுதான் சொல்கிறார்கள். அதே காபியில் வேறு வரிகளைப் பாடினால் அப்படிச் சொல்வார்களா? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.

வணக்கம்.