இரண்டு சான்றுகள் மோதிக்கொண்டால், அந்த மோதலை எப்படி அளப்பது?

(திரையில்: ஒரு நோயாளி, இரண்டு டாக்டர்கள்)

ஒரே நோயாளியை இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். "மூளைக்காய்ச்சல் 99 சதவீதம், கட்டி 1 சதவீதம்" என்கிறார் முதல் டாக்டர். "தலையில் அடிபட்ட அதிர்ச்சி 99 சதவீதம், கட்டி 1 சதவீதம்" என்கிறார் அடுத்தவர். இரண்டையும் சேர்த்தால்?

கட்டிதான். நூற்றுக்கு நூறு!

1979-இல் கணினி அறிஞர் லோட்ஃபி சாடே காட்டிய கணக்கு இது. இப்படி இரண்டு சான்றுகளைச் சேர்க்கும் விதி, புள்ளியியல் அறிஞர் ஆர்தர் டெம்ப்ஸ்டர் 1967-இல் தந்தது. கிளென் ஷேஃபர் 1976-இல் அதை முழுக் கோட்பாடாக வளர்த்தார்; டெம்ப்ஸ்டர்-ஷேஃபர் கோட்பாடு என்பது அதன் பெயர்.

(திரையில்: பெருக்கல் கட்டங்கள்)

விதி எளிது. முதலாமவரின் ஒவ்வொரு எண்ணையும் இரண்டாமவரின் ஒவ்வொரு எண்ணோடும் பெருக்குங்கள். மூளைக்காய்ச்சலும் அதிர்ச்சியும் போல ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஜோடிகளை எல்லாம் ஒதுக்குங்கள். ஒதுக்கியதன் கூட்டுத்தொகைதான் 'கே', அதாவது முரண். இங்கே அது 0.9999. மிஞ்சியது 'கட்டி, கட்டி' என்ற ஜோடி மட்டும், வெறும் 0.0001. விதி அந்தத் துளியை ஊதிப் பெருக்கி 1 ஆக்கிவிடுகிறது.

சரி, கே பெரிதாக இருந்தால் முரண் பெரிது என்று வைத்துக்கொள்ளலாமா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

(திரையில்: ஒரு பகடை)

இருவரும் ஒரு பகடையைப் பார்த்து, "ஆறு முகத்துக்கும் சம வாய்ப்பு, ஆறில் ஒன்று" என்கிறார்கள். அட்சரம் பிசகாமல் ஒரே கருத்து. ஆனால் 36 ஜோடிகளில் 30 ஒத்துப்போகாது. கே = 0.83! சண்டையே இல்லாத இடத்தில் சண்டை என்கிறது அந்த எண். இதுவே இருவரும் "எனக்கு எதுவும் தெரியாது" என்று மொத்த நூறு சதவீதத்தையும், முகம் முகமாகப் பிரிக்காமல், ஆறு முகங்களுக்கும் பொதுவாக வைத்திருந்தால், கே பூஜ்யம். தெரியாமையும் சம வாய்ப்பும் ஒன்றல்ல என்பதை இந்தக் கோட்பாடு இவ்வளவு துல்லியமாகப் பிடிப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கே மட்டும் போதாது என்பதால்தான் ஆய்வாளர் வெய்ரு லியு 2006-இல் இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். ஒன்று கே. மற்றொன்று, இருவரையும் பந்தயம் கட்டச் சொன்னால் அவர்களுடைய பந்தயங்கள் அதிகபட்சம் எவ்வளவு விலகும் என்பது. பகடையில் விலகல் 0. டாக்டர்களிடம் 0.99. இரண்டும் சேர்ந்து எகிறினால்தான் அது உண்மையான மோதல்.

மோதல் உறுதியான பிறகு என்ன செய்வது? ஷேஃபரே ஒரு வழி வைத்திருந்தார்: தள்ளுபடி. ஒவ்வொரு டாக்டரையும் 90 சதவீதம்தான் நம்புவோம், மீதி 10-ஐ 'தெரியாது' கணக்கில் எழுதுவோம். அப்புறம் அதே விதியைப் போடுங்கள்.

(திரையில்: புதிய விடை)

மூளைக்காய்ச்சல் சுமார் 47 சதவீதம், அதிர்ச்சியும் 47, 'தெரியாது' 5. நூறு சதவீதமாக நின்ற கட்டி, இப்போது சுமார் 1.