பாத்திர நோட்டில் இருக்கும் மாதர் சங்கம்

நேயர்களுக்கு என் வணக்கம்.

செட்டிநாட்டில் மாதர் சங்கங்கள் வேர்பிடித்த வரலாற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டதும், காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊர்ச் சங்கத்தின் பழைய ஏடுகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பீரோவில் தீர்மானப் புத்தகங்கள் இருந்தன. வரவு செலவுக் கணக்குகள் இருந்தன. அவற்றின் அடியில், காக்கி அட்டை போட்ட நீளவாக்கு நோட்டு ஒன்றும் இருந்தது. அதன் மேலட்டையில் 'பாத்திரம் போனது, வந்தது' என்று எழுதியிருந்தார்கள்; வீட்டு விசேஷங்களுக்குச் சங்கம் இரவல் கொடுத்த பாத்திரங்களின் கணக்கு அது. நான் இன்று சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த நோட்டைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

தீர்மானப் புத்தகத்தை வைத்து இந்த வரலாற்றை எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கூட்டத்திற்கு வந்தவர்களின் பட்டியலில் பெண்களின் பெயரே இல்லை. இன்ன விலாசம் வீட்டு ஆச்சி, இன்னார் வீட்டு மூத்த மருமகள் என்றே வரிக்கு வரி எழுதியிருக்கிறது. வெளியூர் நேயர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் பக்கத்தில் விலாசம் என்றால் முகவரி மட்டும் அன்று, பாட்டனார், தந்தையார் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து ஒரு குடும்பத்திற்கு வழங்கும் அடையாளம் அது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஊரில் கடைக்கும் அதே விலாசம், இங்கே வீட்டுக்கும் அதே விலாசம். ஒரு வளவில், அதாவது ஒரே கூட்டு வீட்டில், மாமியாரும் மூன்று மருமக்களும் இருந்தால், கூட்டத்திற்கு வந்து வாதாடியவர் அவர்களில் யார் என்பதைத் தீர்மானப் புத்தகம் சொல்வதில்லை. பாத்திர நோட்டு சொல்கிறது. அண்டாவை எடுத்துப் போகிறவர்தான் அதைத் திருப்பித் தரும் பொறுப்பாளி என்பதால், அங்கே மட்டும் சொந்தப் பெயரில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். உமையாள், சிகப்பி, தெய்வானை என்று இந்தச் சீமையின் பெயர்கள் எல்லாம் அந்த ஒரு நோட்டில்தான் முழு எழுத்தில் இருக்கின்றன.

மாதர் சங்கம் என்ற சொல்லும் அமைப்பும் சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவை. 1917இல் அடையாற்றில் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோர் முன்னின்று இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார்கள்; பெண்களுக்கு வாக்குரிமை கேட்டதும், 'ஸ்திரீ தர்மம்' என்ற இதழை நடத்தியதும் அந்தச் சங்கமே. எங்களுக்கு இன்னும் நெருக்கமானவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் பிறந்த புதுக்கோட்டை எங்களுக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்களில் சில அந்தச் சமஸ்தானத்திற்குள்ளேயே இருந்தன. 1927இல் அவர் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்ததும், 1954இல் அவர் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டதும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி எடுத்துச் சொன்ன செய்திகள்.

ஆனால், அடையாற்றிலிருந்து வந்தது பெயர்தானே ஒழிய வேலை அன்று என்பது என் எண்ணம். ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் மூன்று மூன்று வருடக் கணக்கில் போய்விட, வீட்டையும் வரவு செலவையும் ஆச்சிமார்களே பார்த்துக்கொண்ட ஊர்கள் இவை. ஒரு கல்யாணத்திற்கு நாள் கணக்கில் பந்தி நடத்தி, எத்தனை இலை விழுந்தது, எத்தனை படி அரிசி வெந்தது என்று இரவே கணக்கு முடித்துப் படுத்தவர்களுக்குச் சேவைச் சங்கம் நடத்துவதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது, கால்நடையாகவும் கப்பலிலும் ரயிலிலும் தப்பி ஊர் வந்து சேர்ந்த குடும்பங்களுக்குத் தெருவில் நான்கைந்து வீடுகள் சேர்ந்து கஞ்சி காய்ச்சி ஊற்றியதுதான் தொடக்கம் என்று சொல்வார்கள். சங்கம் என்ற பலகை மாட்டியதெல்லாம் அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். ரோட்டரி உறுப்பினர்களின் மனைவியர் 1924இல் மான்செஸ்டரில் தொடங்கிய இன்னர் வீல் போன்ற அமைப்புகள் கணவன்மாரின் சங்கத்தை ஒட்டிப் பிறந்தவை. எங்களுடையது கணவன்மார் ஊரில் இல்லாததால் பிறந்தது.

துர்காபாய் தேஷ்முக் தலைமையில் 1953இல் மத்திய சமூக நல வாரியம் அமைந்து, தொண்டு சங்கங்களுக்கு மானியம் கிடைக்கத் தொடங்கியபோது, எங்கள் சங்கமும் ஒரு பால்வாடி நடத்தியது. முகப்புத் திண்ணையில் ஜமக்காளம் விரித்து முப்பது பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். மூட்டையில் வந்த பால்பவுடரைக் கொதிநீரில் கொட்டினால் சீடை சீடையாகக் கட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் சிறிது பச்சைத்தண்ணீரில் கூழாகக் குழைத்து, மாவுச் சல்லடையில் தேய்த்து வடித்து, பிறகுதான் அண்டாவில் சேர்ப்பார்கள். பவுடர் வாடை பிடிக்காமல் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்டார்கள். கருப்பட்டிச் செலவுக்கு மானியத்தில் இடம் இல்லை. கணக்குப் புத்தகத்தில் அது 'விறகு வகை' என்ற தலைப்பில் பல ஆண்டுகள் எழுதப்பட்டு வந்திருக்கிறது. தணிக்கைக்கு வந்தவர்கள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1962இல் சீனப் போர் வந்தபோது எல்லையில் நிற்கும் வீரர்களுக்குக் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தார்கள். காரைக்குடி வெயிலில் மடி நிறையக் கம்பளி நூலை வைத்துக்கொண்டு பின்னியதை நினைத்தால் எனக்கு இன்றும் வேர்க்கிறது. 1964ஆம் ஆண்டின் கடைசியில் தனுஷ்கோடிப் புயல் அடித்தது. அப்போது நாங்களும் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அந்த வாரத்துப் பாத்திர நோட்டில் இருப்பில் இருந்த அத்தனை அண்டாவும் தவலையும் ஒரே கையெழுத்தில் கடற்கரை ஊரான மண்டபத்திற்குப் போயிருக்கின்றன. அதே ஆண்டுகளில்தான் பர்மாவிலிருந்து இரண்டாம் முறையாகத் தமிழர்கள் வெளியேறி வந்தார்கள். காரைக்குடியில் பர்மா காலனி என்ற பெயர் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பெருமையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது முறையாகாது. நோட்டின் முதற்பாதியில் பாத்திரம் வாங்கிப் போனவர்கள் எல்லோரும் இரண்டே தெருக்களைச் சேர்ந்தவர்கள். பால்வாடியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் பால் குடித்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளின் வீட்டு விசேஷத்திற்குச் சங்கத்து அண்டா போகவில்லை. கூட்டத்திலும் பட்டாலை எனப்படும் முன்கூடத்தில் அமர்ந்தவர்கள் சிலர், வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் நின்று கேட்டவர்கள் சிலர். பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர் உறுப்பினராகி, பொதுப் பணத்தில் வாங்கிய பாத்திரத்திற்குத் தெரு பார்ப்பது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டாராம். அந்தக் கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை. ஆனால் பாத்திர நோட்டில் அடுத்த பக்கத்திலிருந்து கையெழுத்துகள் மாறுகின்றன. சில இடங்களில் கைநாட்டு, அதன் பக்கத்தில் அந்த ஆசிரியையின் எழுத்தில் பெயர்.

1975இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டமும் வந்த பிறகு பால்வாடிக்கு வேலை இல்லாமல் போனது. மூடியதில் சிலருக்கு மனக்குறை இருந்தது. சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் முப்பது பிள்ளைகளுக்கு நாங்கள் தட்டுத்தடுமாறிச் செய்ததை அரசு ஊர்தோறும் செய்யத் தொடங்கிவிட்டது. பிறகு சங்கம் கண் சிகிச்சை முகாம்களின் பக்கம் திரும்பியது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபின், கிராமத்திற்கே வந்து கண் பார்த்து, அறுவைக்கு மதுரை அழைத்துச் செல்லும் முறை தென்மாவட்டங்களில் பரவியிருந்தது. முகாமுக்கு வந்த பாட்டிமார்கள் கண்ணைக் காட்டினார்கள். புரை இருக்கிறது, மதுரைக்கு வாருங்கள் என்றால் மறுத்தார்கள். கத்திக்குப் பயந்துதான் வரவில்லை என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு மூதாட்டிதான், "நான் போய்ட்டா ஆட்டுக்குக் கொழை யாரு ஆத்தா ஒடிச்சுப் போடுவா?" என்று கேட்டார். அடுத்த முகாமிலிருந்து, மதுரைக்குப் போகிறவர்களின் ஆட்டையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள முறை வைத்தோம். வளவு வீட்டு ஆச்சி ஒருவர் கையில் வேப்பங்குழையோடு கொட்டகைக்கு நடந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். மதுரைக்குப் போகும் வண்டியும் அதற்குப் பிறகுதான் நிறைந்தது.

என் காலத்துப் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான் செயலாளராக இருந்த சில ஆண்டுகளில், 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருடந்தோறும் தாக்கல் செய்ய வேண்டிய கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டேன். அபராதம் கட்டி அதைச் சரிசெய்ய நடந்த நடையில், ஒரு முகாமே நடத்தியிருக்கலாம். அதற்குள் ஊரில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வந்துவிட்டன. சேமிப்பும் கடனும் கைக்கு வரும் இடத்தை இளம்பெண்கள் தேர்ந்துகொண்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இப்போது எங்கள் கூட்டத்திற்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். பூட்டிய வீடுகள் மிகுந்த தெருவில் பத்துப் பேர் கூடுவதும் எளிதன்று.

கல்யாண மண்டபங்களும் சமையல் ஒப்பந்தக்காரர்களும் வந்தபின் பாத்திரம் கேட்டு யாரும் வருவதில்லை. போன மாதம் நோட்டை வைத்து இருப்பைச் சரிபார்த்தோம். எல்லாம் இருக்கிறது, ஒரு பித்தளைத் தவலையைத் தவிர. வாய் அகலமானது, விளிம்பில் 'மா.ச.' என்று பெயர் வெட்டியிருக்கும், அடியில் ஈயப்பற்று வைத்த தழும்பு உண்டு. எடுத்துப் போனவரின் கையெழுத்து மழைநீர் பட்டுக் கரைந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வீட்டில் பரண்மேல் அப்படி ஒன்று கிடந்தால், தவலையைத் திருப்பித் தராவிட்டாலும் குற்றமில்லை. எடுத்து வந்தவரின் பெயரை மட்டும் ஒரு அஞ்சலட்டையில் நிலையத்திற்கு எழுதிப் போடுங்கள். நோட்டில் அந்த ஒரு கட்டம் வெறுமையாக இருக்கிறது. வணக்கம்.