சுவிட்ச் முகவரி கற்கும் விதம்

நேயர்களுக்கு வணக்கம். கணினிகளைக் கேபிளால் இணைக்கும் வேலையில் பல்லாண்டுகளைக் கழித்தவன் என்ற உரிமையில், அலுவலக அலமாரிகளில் பச்சை விளக்குகள் மினுங்க அமர்ந்திருக்கும் சுவிட்ச் என்னும் பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விளக்கைப் போடும் சுவிட்ச் அன்று.

கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஈத்தர்நெட் முறை 1973இல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோரின் முயற்சியில் உருவானபோது, எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொண்டன. பின்னர் வந்த, கேபிள்களை ஓரிடத்தில் சேர்க்கும் ஹப் என்னும் பெட்டியும் அதே கதைதான்: கீழ்த்தளத்தில் நின்று ஒருவரைக் கூப்பிட்டால் புளோக் முழுவதும் எட்டிப் பார்ப்பதைப் போல, ஒரு போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் துளையில், வந்தது மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் போகும். 1990இல் ஏழு போர்ட்டுகளுடன் முதல் ஈத்தர்நெட் சுவிட்சை விற்ற நிறுவனத்தின் பெயர் கல்பனா. நிறுவியவர்களுள் ஒருவர் தம் மனைவியின் பெயரையே சூட்டினார். நம் ‘கற்பனை’க்கு உறவான சொல் என்பதால் எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

சுவிட்ச் செய்வதென்ன? ஒவ்வொரு கணினிக்கும் மேக் முகவரி என்னும் 48 பிட் அடையாளம் உண்டு. மின்சாரம் வந்த கணத்தில் சுவிட்சுக்கு எந்த முகவரியும் தெரியாது. உள்ளே வரும் ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது தரவுப் பொட்டலத்திலும், அனுப்புநர் முகவரியைப் பார்த்து, ‘இவர் மூன்றாம் போர்ட்டில் இருக்கிறார்’ என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. கவனியுங்கள், கற்பது அனுப்புநரிடமிருந்து. பெறுநர் முகவரி வழிகாட்ட மட்டுமே. பெறுநர் அட்டவணையில் இருந்தால், அவருடைய போர்ட்டில் மட்டும் அனுப்பும்; இல்லையென்றால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அனுப்பிவிடும். பதில் வந்ததும் அவரையும் கற்றுக்கொள்ளும். பேச்சு நின்று சுமார் 300 விநாடிகள் கழிந்தால், பெரும்பாலான சுவிட்சுகள் அந்தக் குறிப்பை அழித்துவிடும்.

இந்த எளிமைதான் ஒருமுறை என்னைச் சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் அலுவலகத்திற்கு ஓட வைத்தது. எந்தக் கணினியிலும் எதுவும் திறக்கவில்லை. விலை மலிவான சுவிட்சின் எல்லா விளக்குகளும் கணமும் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். முதல் நாள் மாலை சுத்தம் செய்தவர், அநாதையாகக் கிடந்த கேபிள் முனையை நல்லெண்ணத்துடன் காலியான போர்ட்டில் செருகியிருந்தார். கேபிளின் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. எல்லாருக்குமாக அனுப்பப்படும் பிராட்காஸ்ட் ஃபிரேம் ஒன்று அந்த வளையத்தில் புகுந்தால் வெளியேற வழியில்லை, ஏனெனில் இணையத்தில் பயணிக்கும் ஐபி பொட்டலத்தில் உள்ளதுபோல் ஆயுளைக் குறைத்துக்கொண்டே வரும் எண்ணிக்கை ஈத்தர்நெட் ஃபிரேமில் கிடையாது. நான் ஒரு முனையைப் பிடுங்கியதும் விளக்குகள் அமைதியாயின. இதைத் தடுக்கவே ராடியா பெர்ல்மன் 1985இல் ஸ்பானிங் ட்ரீ முறையை வகுத்தார்: சுவிட்சுகள் தமக்குள் பேசி, வளையத்தை உண்டாக்கும் போர்ட்டைத் தாமே மூடிவைக்கும். அந்த மலிவுச் சுவிட்சில் அவ்வசதி இல்லை. சுவிட்சுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழியுங்கள் என்று நான் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்; வி-லேன் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். கணக்குப் பிரிவையும் விருந்தினருக்கான வைஃபையையும் ஒரே சுவிட்சில் வைத்தபடியே, தனித்தனிச் சுவிட்சுகளில் இருப்பவைபோல் பிரிக்கும் முறை அது. ஃபிரேமில் சேர்க்கப்படும் 12 பிட் எண்ணால் 4094 பிரிவுகள் வரை அமைக்கலாம். நன்றி, வணக்கம்.